பூசணித் தீவு, இரவு ஷிப்டு

லாபிஸ் ஆலையில் எனக்கு இரவு எடைமேடை.
லோரி ஏறும், எண் நடுங்கி நிற்கும், இறங்கும்.
அடுத்தது வரும்வரை நாற்பது நிமிடம்
மஞ்சள் விளக்கும் ஈசல்களும்.
அப்போதுதான் எழுதுவேன்,
கெட்டுப்போன ரசீதுகளின் முதுகில்.

தங்கை ஆடும் ஆட்டம் அது.
சூரியனுக்குக் கன்னக்குழி.
பூசணிகளுக்குக் கண் உண்டு, பறிக்கும்போது
கிளுக்கென்று சிரிக்கும்.
கடைக்காரத் தவளை குடை பிடித்து
"நல்ல நாள், நண்பா" என்னும்,
மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்
நள்ளிரவு ஆனாலும்.

நான் கேட்டது ஒரே கேள்வி:
அந்தத் தவளை எப்போது தூங்கும்?

அங்கிருந்து இருட்டத் தொடங்கியது தீவு.
முதல் ரசீதில் தவளைக்குக் கடன் கொடுத்தேன்.
இரண்டாவதில் அதன் பாஸ்போர்ட்டை வாங்கி
ஆபீஸ் அலமாரியில் பூட்டினேன்.
இரவுச் சாப்பாட்டுக்கு
ஒரே ஒரு மணி நேரம் விட்டேன்,
கொடுமையாக இருக்கட்டும் என்று.
விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் பூசணிகள்,
பெயர் கூப்பிட்டால் சிரிக்க வேண்டும்,
சிரிக்காததற்கு அரைநாள் சம்பளம்.
தபால் ஆமையின் ஓட்டுக்குள்
யாருக்கும் சேராத கடிதங்கள்
ஈரமாகிப் பூசணம் பூத்தன.
தீவை வாங்கிய கம்பெனி
சூரியனைக் கன்னக்குழியோடு கழற்றிப் போனது.

மொமினிடம் சொன்னேன் ஒரு நாள்.
உதிரிப் பழம் கூட்டிக்கொண்டிருந்தான்.
பாதி மலாய், பாதி கைஜாடை.
முழுதும் கேட்டுவிட்டு வாரியலில் சாய்ந்து நின்றான்.
"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமா?
எந்தக் கம்பெனி அது?
ஆள் எடுக்கிறார்களா?"

அந்த வரியை அடித்து
இருபது நிமிடமாக்கினேன்.
இருட்டு போதவில்லை என்று கேட்பது
எழுதுகிறவளுக்கு எப்படி இருக்கும் தெரியுமா,
விருந்தாளி உப்பு கேட்டது மாதிரி.

காலையில் ஷிப்டு முடிந்து
தண்டவாளம் தாண்டி நடந்தால்
கைப்பேசிக் கடைக் கண்ணாடியில்
ஆளுயரத் தவளை, குடையோடு.
கடை திறக்கப் பத்து மணி ஆகும்.
அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

ருகேஸ்வரி கண்டெடுத்தது வெள்ளிக்கிழமை,
துவைக்கப் போட்ட என் சீருடைப் பையில்.
பத்து வயது. அழுவாள் என்று நினைத்தேன்.
ஒன்பது ரசீதையும் தரையில் பரப்பி
எழுதிய வரிசை தெரியாமல்
எடை வரிசையில் அடுக்கி வாசித்தாள்,
பதினான்கு டன் முதலில்.
கதை அப்படியும் ஓடியது. எனக்குத்தான் வெட்கம்.

"நீ எழுதினது தப்பு," என்றாள்.
"பெரட்டுல பேர் கூப்பிடுவாங்கன்னு போட்டிருக்க.
அதுங்களுக்குப் பேரே இல்லக்கா."

அன்றிலிருந்து அவள் பறிப்பதில்லை.
பலகை ஒன்றுக்கு ஐம்பது நாணயம்.
சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழித்து
ஒவ்வொரு கொடியடியிலும் ஒரு பெயர் நட்டாள்:
சரளா. குண்டு சரளா. மொமின். டிவிஷன் ரெண்டு.
ஒன்றுக்கு மட்டும், சிரிக்காதே.
கொடி வேலியைத் தாண்டிப் பாதையை மூடிவிட்டது.
கடைப் பலகை காலி.
நல்ல நாள், நண்பா.

எடைமேடைக்காரிக்கு வேறு பழக்கம்.
பழுத்த குலை மூன்று நாள் கிடந்தால்
உதிரும், அமிலம் ஏறும்,
தரம் பார்ப்பவர் பூட்ஸ் காலால் தள்ளுவார்,
எடையில் வெட்டு.
அழுகலுக்கு ஒரு கட்டம் உண்டு என் ரசீதில்.
அங்கே எதுவும் அழுகாது.
இருபத்தாறு நாளாய் அதே பளபளப்பு,
அதே கண்கள், மூடாமல்,
யாராவது தொட்டால் சிரிக்கலாம் என்று.

இதை நான் எழுதவில்லை.
ஆட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

பத்தாவது ரசீது காலி.
லோரி ஒன்று வருகிறது,
விளக்கைத் தணிக்காமல்.